பொள்ளாச்சி வளரட்டும், வாய்க்காலுக்கு இடம் விட்டுவிட்டு

சைட் வாங்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், இந்தப் பக்கம் ஊர் வளருமுங்களா?" என்றுதான். விலை, பட்டா எல்லாம் அப்புறம். பொள்ளாச்சியில் வீட்டுக்குப் பிளான் போடுவதும் லேஅவுட் வரைவதும் என் தொழில் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். பதில் சுலபம். வளரும். கோவை ரோடு, பல்லடம் ரோடு, உடுமலை ரோடு, பாலக்காடு ரோடு, மீன்கரை ரோடு, எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் தென்னந்தோப்புக்கு நடுவே கலர் கொடி கட்டிய லேஅவுட் ஒன்று கண்ணில் படுகிறது. இன்னும் முப்பது வருடம் கழித்து இது சந்தை ஊராகவே இருக்குமா, இல்லை கோவைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வந்து தூங்கும் ஊராகிவிடுமா என்பதுதான் என் கவலை. அந்தக் கேள்வியோடு யாரும் என் ஆபீசுக்கு வருவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஊரை வளர்த்தது சந்தை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே இருப்பதால் இரண்டு பக்கத்துச் சரக்கும் இங்கே கை மாறும். செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை. கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரள வியாபாரிகள் வருவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெல்ல மண்டிகள், நெகமத்திலும் ஆனைமலையிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் கொப்பரை ஏலம், வடக்கே வெகுதூரம் போகும் இளநீர் லாரிகள், கேரளத்துக்குப் போகும் காய்கறி என்று எல்லாமே வருவதும் போவதும்தான். 1915-ல் போத்தனூரிலிருந்து ரயில் வந்தது, 1920-ல் நகராட்சி ஆனது, 1932-ல் பாலக்காட்டுக்குத் தண்டவாளம் போட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே வியாபாரம் இருந்தது.

இதை மறந்துவிட்டவர்களுக்கு 2017-ஐ நினைவுபடுத்துவேன். அந்த மே மாதம் கால்நடைச் சந்தைகளுக்கு மத்திய அரசு புதிய விதி கொண்டுவந்தது. இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று வந்ததும் கேரள வியாபாரிகள் தயங்கினார்கள், சந்தை படுத்துவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நாடு முழுக்க நிறுத்தி வைத்தது. இடைப்பட்ட வாரங்களில் அடிபட்டது மாடு விற்றவர் மட்டும் அல்ல. கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை விற்கிறவர், டெம்போ ஓட்டுகிறவர், வைக்கோல்காரர், காலையில் இட்லிக்கடை போடும் அக்கா, எல்லோருக்கும் அடி. மாடு விற்ற காசில் அன்றைக்கே மளிகையும் துணியும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வராததால் கடைவீதியும் டல்லடித்தது. இந்த ஊரின் பொருளாதாரம் எந்த அளவுக்கு வெளியூர்க் கால்களில் நிற்கிறது என்பதை அந்தச் சில வாரங்களில் பார்த்தோம்.

ஆனால் திட்டம் போடும்போது எண்ணுவது யாரை? இங்கே தூங்குகிறவர்களை மட்டும். 2011 கணக்கெடுப்புப்படி நகராட்சிக்குள் 90 ஆயிரத்துக்குச் சற்று மேல். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நடைமுறையில் உள்ள அளவு. பெருக்கினால் சுமார் 1.2 கோடி லிட்டர். சந்தை நாளில் விடியற்காலை வந்து மாலையில் திரும்பும் மக்களுக்குக் குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், குப்பை அள்ள ஆள் என்று எவ்வளவு வேண்டும் என்பது இந்தப் பெருக்கலில் எங்கேயும் வராது.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் நல்ல சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. 90 ஆயிரத்துக்கு அது 2,250 பேர். ஆனால் மார்க்கெட் ரோட்டில் கீரைக் கட்டை வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் வாங்குவது இந்த 90 ஆயிரம் பேர் மட்டுமா? ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர், நெகமம், கிணத்துக்கடவு வட்டாரம் முழுக்க இங்கே வருகிறது. சந்தை ஊருக்குச் சந்தை நாளின் தலைக்கணக்கு வேண்டும். செவ்வாய், வியாழன், ஒரு சாதாரண நாள், தீபாவளிக்கு முந்தைய வாரம் என நான்கு நாளில் எல்லா ரோட்டிலும் ஆள் நிறுத்தி எண்ணினால் போதும். பெரிய செலவே இல்லை. எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

சரி, இனி என் தொழிலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஊர் வளர்வது நகராட்சிக்குள் அல்ல. நகராட்சி சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான், அது நிறைந்துவிட்டது. வளர்ச்சி ஆச்சிப்பட்டி, சின்னாம்பாளையம், ஊஞ்சவேலாம்பட்டி, மாக்கினாம்பட்டி, ஜமீன் முத்தூர் மாதிரி ஊராட்சிகளிலும், சூளேஸ்வரன்பட்டி, ஜமீன் ஊத்துக்குளி பேரூராட்சிகளிலும் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி வரி, தனிக் குப்பை வண்டி. ஒருவர் தோட்டத்தை விற்கிறார். புரோமோட்டர் அளந்து, சைட் பிரித்து, டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவலுக்குப் போடுகிறார். அந்த ஐந்து ஏக்கருக்குள் எல்லாம் விதிப்படி சரியாக இருக்கும். 30 அடி ரோடு இருக்கும், முனையில் வண்டி திரும்ப மூலைச் சாய்வு இருக்கும். இடம் பெரிதாக இருந்தால், 3,000 சதுர மீட்டருக்கு மேல் போகும்போது, ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டுத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டம் விலைக்கு வரும். அதுவும் விதிப்படிதான் இருக்கும். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். இதன் ரோடு முடிகிற இடத்தில் அதன் காம்பவுண்ட் சுவர் நிற்கும். இதன் பூங்கா வடமேற்கு மூலையில், அதன் பூங்கா தென்கிழக்கு மூலையில், இரண்டிலும் சீமைக் கருவேலம். இதன் மழைநீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி ஐந்து ஏக்கருக்கு வெளியே இருக்கிறது.

ஐந்து ஏக்கர் ஐந்து ஏக்கராக இப்படி வளர்ந்த பகுதியில் ஒரு மினி பஸ் உள்ளே போக முடியாது, தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. எல்லா வண்டியும் மெயின் ரோட்டுக்கு வந்தே பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டும். கோவை ரோட்டை நான்கு வழியாக்கப் பழைய புளியமரங்களை எல்லாம் வெட்டினோமே, அந்த ரோடு ஏன் இன்னமும் திணறுகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உள்தெருக்கள் ஒன்றோடொன்று சேராத ஊரில் மெயின் ரோட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் போதாது. மகாலிங்கபுரத்தில் போய் நடந்து பாருங்கள். நேர்நேரான வீதிகள், ஒன்று அடைத்தால் இன்னொன்றில் திரும்பிக்கொள்ளலாம். முதலில் மொத்தமாக வரைந்துவிட்டு அப்புறம் வீடு கட்டிய இடம் என்று பார்த்ததுமே தெரியும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் முழு ஊருக்கும் போடும் முழுமைத் திட்டம், ஒரு பகுதிக்கு மட்டும் போடும் விரிவு அபிவிருத்தித் திட்டம் எல்லாவற்றுக்கும் வழி செய்திருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். திட்டத்தில் ரோட்டுக்கு என்று ஒரு நிலத்தை ஒதுக்கிவிட்டு மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தவில்லை என்றால், 38-ஆம் பிரிவின்படி அந்த ஒதுக்கீடு விலகிவிடும். நிலத்துக்காரர் பார்வையில் இது நியாயம். அவர் நிலத்தைக் கோடு போட்டுக் காலமெல்லாம் கட்டிப்போட முடியாது. ஆனால் உள்ளாட்சியிடம் நிலம் வாங்கப் பணம் இருக்காது, மூன்று வருடம் ஓடிவிடும், ரோடு தாளோடு போய்விடும்.

அதனால் பணம் கொடுத்து நிலம் வாங்காமல் ரோடு கொண்டுவரும் வழியைத்தான் நாம் தேட வேண்டும். குஜராத்தில் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். ஒரு பகுதியின் நிலம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து, ரோடு, பூங்கா, பள்ளிக்கூடத்துக்கு எல்லோரிடமிருந்தும் ஒரே விகிதத்தில் எடுத்துக்கொண்டு, மீதியை நல்ல வடிவத்தில் ரோட்டு முகப்போடு அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கு இந்த முறைதான் பெரிய அளவில் கை கொடுத்தது. தமிழ்நாட்டிலும் இப்படி நிலத்தைச் சேர்க்கும் லேண்ட் பூலிங்குக்குச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. புனே பக்கத்தில் மகர்பட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேல் தங்கள் நிலத்தைச் சேர்த்து, தாங்களே கூட்டாக நிறுவனம் தொடங்கி நகரம் கட்டினார்கள். நிலம் அவர்களை விட்டுப் போகவில்லை, பங்காக மாறியது. நம் பக்கம் விவசாயி ஒரே தடவை விற்கிறார். அந்தக் காசில் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு வீடு, ஒரு கார். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் ஒரு செண்ட் வாங்க அவரால் முடியாது.

ஏன் விற்கிறார்கள் என்று பேராசையைக் காரணம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நெகமம் ரோட்டில் ஒரு பெரியவரின் தோட்டத்தை அளக்கப் போயிருந்தேன். "ஏனுங்கய்யா, இவ்வளவு நல்லா இருக்கிற தோப்பை எதுக்குக் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"பார்க்கத்தான் நல்லா இருக்குதுங்க அம்மணி. மரத்துல ஏற ஆளில்லை. வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருப்பாப் படிஞ்சு போச்சு. வாடல் நோய் வேற. வெட்டிட்டு மறுபடி வெச்சா காய்க்க அஞ்சாறு வருசம். எனக்கு அத்தனை வருசம் இருக்குதுங்களா?"

சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் 2016-ல் கண்டறியப்பட்டது நம் பொள்ளாச்சியில்தான். அதே வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு ஊற்றினார்கள். தோப்பு லாபமாக இருந்தால் லேஅவுட் இவ்வளவு வேகமாக வராது. ஆகவே வாடலைத் தாங்கும் கன்று, மரம் ஏறும் ஆட்களுக்குக் காப்பீடு, கொப்பரைக்கு நிலையான விலை என்று வேளாண்மைத் துறை செய்ய வேண்டியதையும் நான் நகரத் திட்டத்தின் பாதியாகவே பார்க்கிறேன். ஊரைச் சுற்றித் தோப்பு இல்லையென்றால் உள்ளே மண்டி எதற்கு?

தண்ணீர் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் வேறு விதமாகப் பயப்படுகிறேன். நமக்குக் குடிநீர் அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றிலிருந்து வருகிறது. ஆழியாறு அணையின் கொள்ளளவு 3.86 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). கேரளத்துடன் போட்ட ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும். பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர், அப்புறம் பொள்ளாச்சிக் கால்வாய், சேத்துமடை, வேட்டைக்காரன்புதூர்ப் பாசனங்கள். இவற்றோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். ஊர் இரட்டிப்பானாலும் நாளைக்கு 2.4 கோடி லிட்டர். வருடத்துக்கு ஒரு டிஎம்சியில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக ஆகாது. குடிநீர் அளவு இந்த ஊரின் வளர்ச்சியைத் தடுக்காது என்றுதான் கணக்குச் சொல்கிறது.

தடுக்கப்போவது, குடித்துக் குளித்த பிறகு வெளியே போகும் தண்ணீர். கொடுக்கும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. இரட்டிப்பான ஊரில் அது நாளைக்கு ஏறக்குறைய 1.9 கோடி லிட்டர். நகராட்சிக்குள் பாதாள சாக்கடை உண்டு. ஊர் வளரும் ஊராட்சிகளில் செப்டிக் டேங்க்தான், அதுவும் பல வீடுகளில் அடியில் கான்கிரீட் போடாத வெறும் குழி. நான் பிளானில் சரியாக வரைந்து கொடுத்தாலும், மேஸ்திரி "தண்ணி இறங்கட்டும் மேடம்" என்று உறை இறக்கிவிடுவார். இருபதடி தள்ளிப் போர்வெல். இரண்டரை செண்டுக்கு ஒரு வீடு என்று ஆயிரம் வீடு வந்தால் அந்த நிலத்தடி நீர் என்ன ஆகும்? ஒவ்வொரு நாலைந்து லேஅவுட்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன சுத்திகரிப்பு நிலையம், அதிலிருந்து வரும் தண்ணீர் பக்கத்துத் தோப்புக்கு என்று இப்போதே இடம் ஒதுக்கினால் முடியும். வீடெல்லாம் கட்டி முடித்த பிறகு அந்த இடத்தை யாரும் தரமாட்டார்கள்.

இன்னொன்று நார்த் தொழில். தென்னை மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் பித் என்ற தூளை வெளிநாட்டுக்குக் கட்டியாக்கி அனுப்புகிறார்கள். செடி வளர்க்க அது வேண்டும் என்றால் அதிலுள்ள உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். கழுவிய நீரைத் தொட்டிக்குள் நிறுத்திச் சுத்தம் செய்யாவிட்டால் நிலத்துக்குள் இறங்கிவிடும். என் பெரியப்பா தோட்டத்துக் கிணறு, பக்கத்தில் ஒரு தொழிற்கூடம் வந்த பிறகு டீ டிகாஷன் நிறத்துக்குப் போனது. மாடுகூட வாய் வைக்கவில்லை. பெரியம்மா கடைசி வரை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடிதண்ணீர் எடுத்தார். நார்த் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எத்தனையோ பெண்களுக்கு அதுதான் வேலை. 2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசு குறைந்த வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது எதிர்ப்பு எழுந்தது. சின்னச் சின்னக் கூடங்களால் தனித்தனியாகச் சுத்திகரிப்பு வைக்க முடியாது என்ற அவர்கள் வாதம் உண்மை. அதனால்தான் கழுவும் வேலைக்கு என்று பொதுவான இடம், பொதுவான தொட்டி, அந்த நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு எல்லாம் முழுமைத் திட்டத்தில் வரைபடமாகவே வர வேண்டும். பக்கத்தில் திருப்பூர் இருக்கிறது. நொய்யலில் சாயநீர் கலந்து ஒரத்துப்பாளையம் அணை பாழாகி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றமே உத்தரவிடும் வரை போனது. அத்தனை பேர் வேலையும் ஒரே நாளில் நின்றது. அந்த நிலை ஆழியாற்றுக் கரையில் வர வேண்டாம்.

ஒட்டன்சத்திரத்தையும் சொல்லியாக வேண்டும். அதுவும் நம்மைப் போலச் சந்தையால் வளர்ந்த ஊர், காய்கறிக்குப் பெயர்போனது. 2022-ல் ஆழியாற்றிலிருந்து அந்தப் பக்கம் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது நம் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பாசனத்தைப் பாருங்கள். ஆயக்கட்டை விரித்து விரித்து 3.77 லட்சம் ஏக்கராக்கி, நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் என்று ஆகிவிட்டது. இருப்பதை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் யாருக்கும் உருப்படியாகக் கிடைக்காது என்பதை அனுபவித்தவர்கள் கோபப்படத்தான் செய்வார்கள். அதே சமயம் பக்கத்து ஊருக்குக் குடிநீர் தரமாட்டோம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் எந்த அணையிலிருந்து யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டால் பாதிச் சண்டை குறையும்.

சந்தையை ஊருக்கு வெளியே தூக்கிவிடலாமே என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். மாட்டுச் சாணம், காய்கறிக் கழிவு, விடிய விடிய லாரி, நெரிசல். அவர்கள் கஷ்டம் உண்மைதான். சென்னையில் கொத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள், அது நிலைத்தது. திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாயில் வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். கடை சின்னது, தூரம் அதிகம் என்று வியாபாரிகள் போகவில்லை. கட்டடம் காலியாகக் கிடந்தது. மொத்த வியாபாரத்துக்குப் பெரிய இடமும் லாரி வந்து போகும் வழியும் இருந்தால் புது இடம் ஓடும். வியாபாரியிடம் கேட்காமல், சில்லறையும் மொத்தமும் ஒன்றே என்று நினைத்துக் கட்டினால் ஓடாது.

என் கருத்து இது. இரவில் வந்து நிற்கும் பெரிய லாரிகள், தேங்காய் லோடு, குளிர்பதனக் கிடங்கு, இவை புறவழிச்சாலைப் பக்கம் போகட்டும். மாட்டுச்சந்தையும் காய்கறி மார்க்கெட்டும் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். பஸ்ஸில் இறங்கி நடந்தே போகிற தூரத்தில் சந்தை இருப்பதால்தான் கிராமத்துப் பெண்கள் ஒரு கூடை சுண்டைக்காயோடு வந்து காசாக்கிக்கொண்டு போகிறார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளிவைத்தால் அந்தக் கூடை வராது, ஆட்டோக் கூலிக்கே சரியாகிவிடும். அதற்குப் பதிலாக மாடு ஏற்றி இறக்க மேடை, தொட்டித் தண்ணீர், நிழலுக்கு மரம், சாணத்தையும் காய்கறிக் கழிவையும் சேர்த்து எரிவாயு எடுக்கும் கலன், பெண்களுக்குப் பூட்டு வைத்த சுத்தமான கழிப்பறை, இவற்றைச் செய்யுங்கள். வியாபாரத்துக்கு வரும் அக்காக்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்கென்று தெரியுமல்லவா? எனக்கு எந்த மேம்பாலத்தையும்விட இது அவசரம்.

நகராட்சியை விரித்து எல்லா ஊராட்சியையும் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஊராட்சிகளுக்கான வேலை உறுதித் திட்டம் போய்விடும், வரி ஏறும் என்று ஊராட்சிக்காரர்கள் எதிர்க்கிறார்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் அவர்கள் முடிவு. ஆனால் ஒரே வரைபடம் போடுவதற்குச் சேர்க்க வேண்டியதில்லை. திட்டப் பகுதிக்குள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாமே இருக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. 50 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை உள்ள ஊர்களுக்கு முழுமைத் திட்டம் தயாரிக்க அம்ருத் 2.0 என்ற நகர வளர்ச்சித் திட்டத்தில் மத்திய அரசு பணமும் ஒதுக்கியது. பொள்ளாச்சியும் அந்த அளவு ஊர்தான்.

அந்த வரைபடத்தில் நிறம் தீட்டுவதற்கு முன், இங்கே குடியிருப்பு, அங்கே வணிகம் என்று பிரிப்பதற்கு முன், மூன்று கோடுகளை முதலில் போட வேண்டும். எஃப்எம்பி ஸ்கெட்ச்சில், அதாவது சர்வே துறையின் நில அளவை வரைபடத்தில், உள்ள ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை. இவை பெரும்பாலும் ஏற்கெனவே அரசு நிலம், அதை யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. ஓடையோரமாக இரண்டு பக்கமும் விட வேண்டிய இடத்தை இப்போதே குறித்துவிட்டால், இனி வரும் ஒவ்வொரு லேஅவுட்டும் தன் 10 சதவீதப் பொது இடத்தை அந்த ஓடையை ஒட்டித்தான் விட வேண்டும் என்று சொல்லலாம். மூலைக்கு மூலை கிடக்கும் துண்டுகள் சேர்ந்து கிலோமீட்டர் கணக்கில் நீளமான பசுமைப் பாதை ஆகும், மழைநீர் போக வழியும் கிடைக்கும், பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகலாம். வண்டிப்பாதையைப் பிடித்துக்கொண்டு உள்ரோடுகளை இணைத்தால் மெயின் ரோட்டுக்கு வராமலே ஆச்சிப்பட்டியிலிருந்து சின்னாம்பாளையம் போகலாம். புரோமோட்டருக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அவர் எப்படியும் விடப்போகிற இடம்தான், எங்கே விடுவது என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்கிறோம்.

பழைய தவறுகளை முழுக்கச் சரிசெய்ய முடியாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. அடுத்த வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் கட்டி உள்ளே வந்துவிட்டன. அதில் பலர் சீட்டுப் பணத்தில் ஒரு சைட் வாங்கியவர்கள், அவர்களை வெளியே தள்ள முடியாது. இனிமேல் வரப்போவதை மட்டுமாவது பிடிக்கலாம்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்ல நமக்குக் குறைந்தது இரண்டு மாதம் இருக்கும். அது போதாது. மறைந்துபோன வாய்க்காலைக் கண்டுபிடித்து, பழைய சர்வே எண்ணோடு பொருத்தி, எழுத்தில் கொடுக்க நாள் பிடிக்கும். அதனால் இப்போதே ஆரம்பிக்கலாம். உங்கள் தோட்டத்தின் எஃப்எம்பி ஸ்கெட்ச்சையும் நில விவரம் உள்ள அ பதிவேட்டு நகலையும் வாங்கி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தக் குட்டையில் இறங்கும், மாட்டு வண்டி எந்தத் தடத்தில் சந்தைக்குப் போகும் என்று கேட்டு, அந்த நகலிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். வரைவு வரும் நாளில் மனு எழுதித் தர என்னைப் போல ஊரில் இன்னும் சில பொறியாளர்கள் தயாராக இருக்கிறோம், காசு வாங்கமாட்டோம். சர்வே எண் போட்டு, ஓடையின் அகலத்தை அடியில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.